கூரையும் குளிர்ச்சியும்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது தமிழர் வழங்கும் பழமொழி. ஆண்டு முழுவதும் வெயில் காயும் மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் அவ்வருமை எந்நாளும் தெரிந்தாக வேண்டும். ஆயினும், மலேசியப் பட்டணங்களின் வரிசை வீடுகளை நண்பகல் வேளையில் கடந்து செல்வோர், அப்பழமொழி மறக்கப்பட்டதோ என்று ஐயுறுவர். வீட்டு முகப்பில் கார் நிறுத்துவதற்கென அமைந்த கொட்டகை, அவ்வீட்டிலேயே மிகுந்த வெப்பமுடைய இடமாக இருக்கக் காணலாம். மேலே தகரம் தகிக்கும். கீழே சிமெண்டுத் தரை சுடும். இடையிலுள்ள காற்று அசைய மறுக்கும்.

அக்கொட்டகையைக் காருக்குரிய இடம் என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடுதல் இயலாது. சிறிய வீட்டில் வாழும் குடும்பத்திற்கு அதுவே இரண்டாவது கூடம். பிள்ளைகள் மாலையில் பாடம் படிப்பதும், தாய்மார் தீபாவளிக்கு முறுக்குப் பிழிவதும், தையல் பொறியை வைத்துத் தொழில் நடத்துவதும், நல்லது கெட்டதுக்கு உறவினர் கூடி அமர்வதும் அங்கேதான். அவ்விடம் கொதிக்குமாயின் வீட்டின் பாதி வாழ்வு கொதிக்கிறது என்றே பொருள்.

இவ்வெப்பத்தை வெயிலின் குற்றம் என்று சொல்லி அமைதல் எளிது. ஆனால், இதே வெயிலின் கீழ் இந்நாட்டில் பல தலைமுறையினர் பெருஞ்செலவின்றிக் குளிர்ந்த இல்லங்களில் வாழ்ந்துள்ளனர். அந்த அறிவு எங்கே போயிற்று? கூரையின் வரலாற்றைச் சற்றே புரட்டினால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

வெயில் வரும் வழி

தமிழகத்தைப் போன்று கோடை என்றும் குளிர் என்றும் பருவம் பகுத்துக் கூறும் நிலை மலாயாத் தீபகற்பத்தில் இல்லை. கோலாலம்பூரில் பகலின் உச்ச வெப்பம் பெரும்பாலும் 32 அல்லது 33 பாகை செல்சியஸ். இரவில் 23 அல்லது 24 பாகை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு எண்பதை ஒட்டி நிற்கும். மழை குறைந்த மாதங்களில், குறிப்பாக வடமாநிலங்களில், வெப்பம் மேலும் ஏறும். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 பாகை பதிவாயிற்று.

இவற்றினும் இன்றியமையாத உண்மை ஒன்றுண்டு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே மூன்று பாகை அளவிலேயே அமைந்துள்ளது. ஆதலின், நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கிறது. மார்ச்சுத் திங்களின் இறுதியிலும் செப்டம்பர்த் திங்களின் நடுவிலும் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. எனவே, இந்நாட்டு இல்லங்களில் வெயிலைப் பெரிதும் ஏற்பது சுவரன்று, கூரையே. முகிலற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. 20 அடி அகலமும் 18 அடி நீளமும் உடைய ஒரு கார்க் கொட்டகையின் கூரை ஏறக்குறைய 33 சதுர மீட்டர். அதன்மேல் விழும் வெப்பம், ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் முப்பத்து மூன்றை ஒருங்கே மூட்டியதற்கு நிகராகும். அவ்வெப்பத்துள் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைக் கூரையின் பொருளும் அமைப்புமே முடிவு செய்கின்றன.

தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் தம் ஊர்களில் வெயிலை வெல்லும் முறைகளை அறிந்தே இருந்தனர். தடித்த மண்சுவர், நடுமுற்றம், நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி ஆகியவை அவர்தம் முன்னோர் கண்ட வழிகள். ஆனால், அவ்வழிகளுள் சில இம்மண்ணில் முழுப்பயன் தரவில்லை. உலர்ந்த காற்று ஈரத்தை விரைந்து உண்ணும். அதனால் வெட்டிவேர்த் தட்டி குளிர்ச்சி தரும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த மலாயாக் காற்றில் நனைந்த தட்டி எளிதில் உலர்வதில்லை; குளிர்ச்சியும் குறைவு. தடித்த சுவரோ பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழும். இரவும் பெரிதாகக் குளிராத நாட்டில் அது உறங்குவோர்க்குத் துன்பமே. இங்குத் தேவைப்பட்டவை வேறு: வெப்பத்தைத் தேக்காத மெல்லிய சுவர், வெயிலைத் தடுக்கும் கூரை, தடையின்றி ஓடும் காற்று. இவற்றை நன்கு உணர்ந்திருந்தோர் இம்மண்ணின் மலாய் மக்களாவர்.

ஓலையின் காலம்

மலாய்க் கம்பத்து வீடு தூண்களின்மேல் உயர்ந்து நிற்பது. வெள்ளத்திற்கும் விலங்குகளுக்கும் அஞ்சி அவ்வாறு உயர்த்தினர் என்பர். அதனால் வேறொரு நன்மையும் விளைந்தது. தரைக்குக் கீழும் காற்று புகுந்து சென்றது. பலகைகளின் இடுக்கு வழியே அது வீட்டினுள்ளும் ஏறியது. சன்னல்கள் தரையளவுக்குத் தாழ்ந்திருந்தமையால், பாயில் அமர்ந்தவர் மீதும் படுத்தவர் மீதும் காற்று தவழ்ந்தது.

கூரைக்கு உதவியது அத்தாப்பு. கடலோரச் சதுப்பு நிலங்களில் வளரும் நீப்பா மரத்தின் ஓலையை ஒரு குச்சியின் மேல் மடித்துத் தைத்து, வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வேய்வர். ஓலைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பம் கீழே இறங்காமல் தடுத்தது. ஓலையோ எடை குறைந்தது. வெப்பத்தை நெடுநேரம் தேக்கி வைப்பதில்லை. ஞாயிறு மறைந்த சிறிது நேரத்திலேயே கூரையும் குளிர்ந்துவிடும். கூரையின் இரு முனைகளிலும் உள்ள முக்கோண முகப்பில் காற்றோட்டத்திற்கு இடைவெளி விடுவர். மேலெழும் வெப்பக் காற்று அவ்வழியே வெளியேறும். சுற்றிலும் தென்னையும் பலாவும் வளர்ந்து நிழல் செய்யும்.

பினாங்கில் 1987ஆம் ஆண்டு வெளிவந்த ‘மலாய் வீடு’ என்னும் ஆங்கில நூலில், லிம் ஜீ யுவான் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்து, குறைந்த செலவில் வீடு கட்ட விழைவோர்க்கு அது சிறந்த பாடம் என எடுத்துக் காட்டியுள்ளார்.

அத்தாப்பின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். பூச்சிகள் குடியேறும். எல்லாவற்றினும் கொடியது தீ. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ வட்டாரத்தில் மூண்ட தீ, நெருங்கி நின்ற அத்தாப்பு வீடுகளை வாரி விழுங்கி ஏறத்தாழ 16,000 மக்களை வீடற்றவராக்கியது. ஓலை ஒதுக்கப்பட்டதற்குக் காரணம் அறியாமை அன்று. அச்சமும் நெருக்கமும் பெருகிய நகர வாழ்வின் தேவையே ஆகும். ஓலையைக் கைவிட்டபோது ஓலை செய்த பணியையும் சேர்த்துக் கைவிட்டதுதான் பிழை.

ஓடும் அஞ்சடியும்

நகரங்கள் அப்பிழையைத் தொடக்கத்தில் செய்யவில்லை. சிங்கப்பூர் நகரமைப்பை ஒழுங்குபடுத்த 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வகுத்த விதிகளுள் ஒன்று, தெருவை நோக்கிய ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறிப்பிட்ட அகலமுள்ள, கூரையிட்ட, தொடர்ந்து செல்லும் நடைபாதை அமைய வேண்டும் என்பது. இதுவே தமிழ் மக்கள் வாயில் ‘அஞ்சடி’ என வழங்கலாயிற்று. வழிப்போக்கர் வெயிலும் மழையும் படாமல் நடந்தனர். அதே வேளையில் கடையின் முன்சுவர் நிழலுக்குள் ஒதுங்கியது. வெயில் சாய்ந்து வரும் பக்கங்களில் மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டனர்.

கடைவீட்டின் முன்புறம் குறுகியது. உட்புறமோ நீண்டு செல்வது. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர். இத்தகைய வீட்டில் காற்று தேங்காதிருக்க, நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்றை வைத்தனர். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேற, அஞ்சடியின் நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே நுழைந்தது. சில கட்டடங்களில் கூரையின் உச்சியை மட்டும் சற்றே உயர்த்தி, அதன்மேல் சிறு கூரை ஒன்றை அமைத்து, இடைவெளி வழியே காற்றைப் போக்கினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இத்தகைய நீண்ட கடைவீடுகளே. தரையில் அமர்ந்து பெட்டியடியில் கணக்கெழுதியோர் பலரைத் தாங்கிய அக்கூடங்களில், எந்தப் பொறியின் துணையுமின்றிப் பெருந்தொகைகள் கைமாறின.

கோலாலம்பூர் தன் பாடத்தைத் துன்பத்தின் வாயிலாகக் கற்றது. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், இறுதியில் வெள்ளமும் அந்நகரை அழித்தன. 1882ஆம் ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஸ்வெட்டன்ஹாம், நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டுமாறு பணித்தார். செங்கற்சூளைகள் எழுந்த பகுதியே பிரிக்ஃபீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றுப் பிற்காலத்தில் தமிழர் மிகுந்து வாழும் வட்டாரமாயிற்று. ஓலைக்கு மாற்றாக வந்த சுட்ட ஓடு தீப்பற்றாதது. ஓடுகளின் இடுக்கு வழியே கூரையும் சிறிது மூச்சுவிட்டது. பொருள் மாறியபோதும் குளிர்ச்சியின் இலக்கணம் மாறவில்லை.

செல்வர் இல்லங்களில் இவ்விலக்கணத்தோடு மனித உழைப்பும் சேர்ந்தது. கூரையில் தொங்கிய துணிப் பங்காவைக் கயிறு கட்டி வெளியே அமர்ந்து இழுத்தோருள் இந்தியர் பலர். அறைக்குள் இருந்தவர்க்குக் காற்று. கயிற்றைப் பிடித்தவர்க்கு வியர்வை. மின்விசிறி பரவிய பின்னரே அவ்வேலை மறைந்தது. இந்நாட்டில் மின்னாற்றலைத் தொடக்கத்திலேயே தொழிலுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் தமிழர் என்பது நினைவுகூரத்தக்கது. 1894ஆம் ஆண்டு ரவாங் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவுடன் இணைந்து அதனைச் செய்தவர் தம்புசாமிப் பிள்ளை. எனினும், தோட்டப்புறத்துத் தமிழர் பலரின் வீடுகளுக்கு மின்விளக்கும் மின்விசிறியும் சென்று சேர அதன்பின் பல பத்தாண்டுகள் பிடித்தன.

தகரத்தின் காலம்

1829ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி பாமர் என்னும் பொறியாளர், இரும்புத் தகட்டை அலை அலையாக மடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மடிப்பினால் மெல்லிய தகடும் வலிமை பெற்றது. 1837ஆம் ஆண்டு பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல், இரும்பின் மேல் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் கூடியபோது உலகின் வெப்ப நாடுகள் அனைத்தின் மீதும் தகரக் கூரை பரவத் தொடங்கியது.

தகரத்திற்கு நியாயமான சிறப்புகள் உண்டு. கப்பலில் அடுக்கி அனுப்பலாம். எடை குறைவு. தீப்பற்றாது. நன்கு பொருத்தினால் ஒழுகாது. பல ஆண்டுகள் உழைக்கும். சில ஆண்டுகளுக்கொரு முறை ஓலையை மாற்றும் செலவையும் ஆளையும் மிச்சப்படுத்தும். கணக்கேட்டை மட்டும் பார்ப்பவர்க்கு இதனினும் சிறந்த கூரை வேறில்லை. ஆயின், கணக்கேட்டில் பதியாத செலவு ஒன்று இருந்தது. அதனைச் செலுத்தியவர் தகரத்தை வாங்கியவர் அல்லர், அதன்கீழ் வாழ்ந்தவரே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் பெருகியபோது தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவராக மலாயா வந்தனர். 1910ஆம் ஆண்டு ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938ஆம் ஆண்டு வரை தொடர்ந்தது. அவர்களுக்கெனத் தோட்ட நிர்வாகங்கள் எழுப்பிய நீண்ட வரிசைக் குடியிருப்புகளே லயங்கள். தொடக்கத்தில் ஓலையால் வேயப்பட்ட லயங்கள் நாளடைவில் தகரத்திற்கு மாறின. ஒரு குடும்பத்திற்கு ஏறத்தாழப் பத்தடிச் சதுரமான ஓர் அறை. முன்னால் ஒரு சிறு திண்ணை. சில லயங்களில் அறைகள் முதுகோடு முதுகு ஒட்டி அமைந்தன. அவற்றில் காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வழியே இல்லை. மேலே உட்கூரையின்றித் தகரம் மட்டும் இருந்தது. அஞ்சடியும் முற்றமும் உச்சிக் காற்றுவழியும் அறிந்திருந்த ஒரு நாட்டில், அவை எவையும் அறியாத ஒரு வீடு இவ்வாறு உருவாயிற்று.

பால்மரம் வெட்டுவோரின் நாளொழுங்கை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தின் பால் நன்கு சுரக்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். ஆகவே, பொழுது புலரும் முன்னரே தொழிலாளர் வெட்டுக்குச் செல்வர். பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்து, நண்பகலை ஒட்டி வீடு திரும்புவர். அவர்கள் களைத்துப் படுக்கும் நேரமே தகரம் மிகக் கடுமையாகக் கொதிக்கும் நேரம். மரத்திற்குக் குளிர்ச்சி தேவை என்பதை உணர்ந்து வேலை நேரத்தையே வகுத்த நிர்வாகம், அம்மரத்தை வெட்டும் மனிதர்க்கும் குளிர்ச்சி தேவை என்பதை உணரவில்லை.

உணர்ந்தவர்கள் தாமே வழி தேடினர். திண்ணைக்கு முன்னால் கம்புகள் நட்டு ஓலைப் பந்தல் போட்டனர். அப்பந்தலின்மீது பாகலும் அவரையும் படர்ந்தன. வாசலில் முருங்கையும், கொல்லையில் வாழையும், தொலைவில் ஒரு வேம்பும் வளர்ந்தன. இவை வெறும் கறிக்கும் மருந்துக்கும் மட்டும் வைத்தவை அல்ல. கூலி உயர்வு கேட்டுப் பெற இயலாத காலத்திலும், நிழலைத் தம் கையால் உண்டாக்கிக் கொள்ள இயலும் என்பதை அம்மக்கள் காட்டினர்.

தோட்டத் தமிழ்ப் பள்ளிகளின் நிலையும் இவ்வாறே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளி என்ற பெயரில் பல இடங்களில் அமைந்தது ஒரு கொட்டகையே. காலை வகுப்பில் கணக்கும் இலக்கணமும் நடக்கும். வெயிலேறிய பின் ஆசிரியரின் குரலும் தளரும், மாணவரின் கண்ணும் செருகும். அன்று படிப்பில் பின்தங்கியோர் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளுள், கூரையினால் பின்தங்கியோர் எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை.

விடுதலைக்குப் பின் 1966ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிக்கெனக் குறைந்த அளவுத் தரங்களை விதிக்கும் சட்டம் மலேசியாவில் இயற்றப்பட்டது. 1990ஆம் ஆண்டு அதற்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்தது. லயங்கள் திருந்தின, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தனர். ஆனால், தகரம் அவர்களைப் பின்தொடர்ந்தது.

வண்டி நின்ற இடம்

வண்டிக்கெனக் கூரையிடும் வழக்கம் காருக்கு முற்பட்டது. சிங்கப்பூரின் தொடக்ககாலக் கட்டடக் கலைஞரான கோல்மனும் அவருக்குப் பின் வந்தோரும் அமைத்த பெருமாளிகைகளில், வாசலின் முன் தூண்கள் தாங்கிய வண்டி முகப்பு ஒன்று இருக்கும். குதிரை வண்டி அதன்கீழ் வந்து நிற்கும். ஆட்கள் இறங்கியதும் வீட்டின் பின்புறமுள்ள இலாயத்திற்குச் சென்றுவிடும். அதாவது, முகப்பு என்பது வந்து இறங்கும் இடமே அன்றி நிறுத்தி வைக்கும் இடம் அன்று. அது உயர்ந்தும் மூன்று பக்கம் திறந்தும் இருந்தமையால், காற்றைத் தடுக்கவில்லை. மாறாக வாசலுக்கு நிழலே தந்தது.

1896ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி வந்தது. குதிரைக்குப் பதில் கார் வந்தபோதும், அதனை வீட்டிலிருந்து விலகிய தனிக் கொட்டகையில் நிறுத்துவதே பெரிய வீடுகளின் வழக்கமாயிற்று. பெட்ரோலின் மணமும் தீயச்சமும் அதற்குக் காரணங்கள்.

இரண்டையும் ஒன்றாக்கியது வரிசை வீடு. 1950களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா எழத் தொடங்கியது. அதன்பின் நாடெங்கும் வீடமைப்புத் திட்டங்கள் பெருகின. 20 அல்லது 22 அடி அகலமும் 65 முதல் 75 அடி வரை நீளமும் உடைய மனைகளில் வீடுகள் தோளோடு தோள் உரசி நின்றன. பின்புறத்தில் தனிக் கொட்டகைக்கு இடமில்லை. எனவே கார் வீட்டின் முகத்திற்கு வந்தது. 1985ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா வெளிவந்தபின் நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்குதல் எளிதாயிற்று. வீட்டோடு வந்த சிறு முகப்புக் கூரை காரின் பாதியை மட்டும் மறைத்தது. மீதியை மறைக்க, வீட்டுச் சுவரிலிருந்து வேலிக் கதவு வரை தாழ்வாக ஒரு தகரக் கூரையை இழுத்தனர். பக்கங்களை அண்டை வீட்டாரின் பார்வைக்கும் திருட்டுக்கும் அஞ்சி அடைத்தனர்.

வரிசை வீட்டிற்குக் காற்று வர இரண்டே வழிகள் உண்டு: முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. பின்புறத்தைச் சமையலறையின் நீட்டிப்பு அடைத்துவிடுகிறது. முன்புறத்தில் தகரத்தின் கீழ் தேங்கிய வெப்பக் காற்று வாசல் வழியாகவும் சன்னல் வழியாகவும் கூடத்திற்குள் புகுகிறது. ஓடிவந்த காரின் சூடேறிய பொறியும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஆகவே, கொட்டகையின் வெப்பம் கொட்டகையோடு நிற்பதில்லை. முழு வீட்டின் வெப்பமாகவே மாறிவிடுகிறது. அதன்பின் குளிரூட்டி வாங்கப்படுகிறது; மாதந்தோறும் மின்கட்டணம் ஏறுகிறது. லயத்திலிருந்து சொந்த வீட்டிற்கு முன்னேறியோர் பலர், லயத்தின் கூரையைத் தம் சொந்தப் பணத்திலேயே மீண்டும் தம் தலைமேல் போட்டுக்கொண்டனர்.

வரலாறு கற்பிக்கும் சிக்கனம்

இதற்குப் பெருஞ்செலவு செய்துதான் விடை காண வேண்டும் என்பதில்லை. மேலே கண்ட ஒவ்வொரு காலமும் ஒரு வழியை விட்டுச் சென்றுள்ளது.

முதலாவது, வெயிலைக் கூரையின் மேலேயே திருப்பி அனுப்புதல். மங்கித் துருவேறிய தகரம் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சும். நல்ல வெள்ளைப் பூச்சோ அதன் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். தகரத்தைக் கழுவித் துருவைச் சுரண்டிக் கூரைக்கென விற்கும் வெள்ளைச் சாயத்தை இருமுறை பூசுதல், எல்லா வழிகளினும் செலவு குறைந்தது, பயனோ மிகுந்தது. ஆண்டுதோறும் அழுக்கைக் கழுவிவிட வேண்டும். கண்ணாடி போன்ற நெகிழித் தகடுகள் ஒளியோடு வெயிலையும் உள்ளே விடுவன. கொட்டகை முழுவதற்கும் அவற்றைப் போடுதல் தகாது.

இரண்டாவது, ஓலை செய்த பணியை வேறொன்றிடம் ஒப்படைத்தல். பளபளக்கும் அலுமினியத் தாளைத் தகரத்தின் கீழ் ஓர் அங்குலமேனும் இடைவெளி விட்டுக் கட்டினால், தகரத்தின் வெப்பக்கதிர் தலைமேல் இறங்குவது பெரிதும் குறையும். இடைவெளி இன்றித் தகரத்தோடு ஒட்டிவிட்டால் வெப்பம் நேரே கடந்து தாளையும் சூடாக்கிவிடும். மூங்கில் தட்டியையோ பலகையையோ உட்கூரையாகக் கட்டினாலும் ஓரளவு பயனுண்டு. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில், மேல்தளக் கூரையின்மீது சற்று இடைவெளி விட்டு மெல்லிய பாளங்களைப் பரப்பிய முறையும் இக்கருத்தின் வழிப்பட்டதே. பழைய கல்நார் சிமெண்டுத் தகடு வேய்ந்த கொட்டகையாயின், அதனை உடைப்பதும் துளையிடுவதும் ஆகாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு விளைக்கும். தக்கவரைக் கொண்டே அகற்றுதல் வேண்டும்.

மூன்றாவது, வெப்பக் காற்றுக்கு மேலே வழி விடுதல். மலாய் வீட்டின் முகப்பு இடைவெளியும் கடைவீட்டின் உச்சிக் கூரையும் கற்பிக்கும் பாடம் இது. கொட்டகைக் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடமே உயரமான இடம். வெப்பக் காற்று கூடுவதும் அங்கேதான். அவ்விடத்தில் ஏறத்தாழ ஓரடி இடைவெளி விட்டு, மழை புகாதவாறு அதன்மேல் ஒரு சிறு மறைப்பை நீட்டினால் வெப்பக் காற்று தானே வெளியேறும். பக்கங்களைப் பலகையால் அடைக்காமல் கம்பியாலோ துளைக்கல்லாலோ அமைத்தால் காவலும் கிட்டும், காற்றும் கிட்டும். பொறியின் புகை தேங்காதிருக்கவும் இதுவே பாதுகாப்பு. 1984ஆம் ஆண்டின் மலேசியச் சீர்மைக் கட்டட விதிகள், குடியிருப்பு அறைகளில் தரைப்பரப்பின் நூற்றில் பத்துப் பங்குக்குக் குறையாத சன்னல் வேண்டும் என்றும், தரைப்பரப்பின் நூற்றில் ஐந்து பங்கேனும் காற்று புகத் திறந்திருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. கொட்டகையை அடைத்துக் கூடத்தின் சன்னலை மூச்சுத் திணறச் செய்வது அவ்விதியின் நோக்கத்தையே கெடுப்பதாகும்.

நான்காவது, லயத்துப் பந்தல். மேற்கு நோக்கிய கொட்டகையில் மாலை வெயில் கூரையின் கீழே சாய்ந்து புகும். அப்பக்கத்தில் கம்பி இழுத்துப் பாகல், அவரை, பேஷன் பழக்கொடி ஆகியவற்றைப் படரவிட்டால் நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும். தொட்டிகளின் அடித்தட்டில் நீர் தேங்காமல் பார்த்தல் கட்டாயம். இன்றேல் டெங்கிக் கொசு குடிபுகும். கொடி படரும்வரை மூங்கில் தட்டி போதும்.

இவற்றோடு, செலவே இல்லாத ஒரு பழக்கமும் உண்டு. வெளியே சென்று திரும்பிய காரை உடனே உள்ளே விடாமல், இடமிருந்தால் வெளியே நிறுத்திப் பொறி ஆறியபின் உள்ளே கொண்டுவரலாம். மின்விசிறி வைப்போர் மேலிருக்கும் வெப்பக் காற்றையே கீழே சுழற்றாமல், அதனை வெளியே தள்ளும்படி வைத்தல் வேண்டும்.

முடிவாக

குளிர்ச்சி செல்வத்தின் பயன் என்று கருதுவோர் பெருகிவிட்ட காலம் இது. மலாயாவின் கூரை வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஓலை வேய்ந்த கம்பத்து மக்களிடம் செல்வம் இல்லை. அஞ்சடியின் நிழலுக்கு விலை இல்லை. லயத்துப் பந்தலுக்குச் செலவானவை நான்கு கம்புகளும் ஒரு பிடி விதையுமே. தன் தலைமேல் எது இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமை இருந்த இடத்தில் குளிர்ச்சி இருந்தது. அம்முடிவைப் பிறர் செய்த இடத்தில் தகரம் கொதித்தது.

இன்று சொந்த வீடு உடைய தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வுரிமை கிட்டியுள்ளது. அதனைப் பயன்படுத்தும் அறிவைத் தருவதில் ஆசிரியர்க்குப் பெரும் பங்குண்டு. வெப்பம் பரவும் முறைகளை அறிவியல் பாடத்தில் கற்பிக்கும் ஆசிரியர், வெப்பமானி ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, வீட்டுக் கொட்டகையின் வெப்பத்தை நண்பகலில் அளந்துவரச் சொல்லலாம். வெள்ளை பூசிய கூரைக்கும் பூசாத கூரைக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிடச் சொல்லலாம். தாத்தா பாட்டியிடம் லயத்து வாழ்வைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். அவ்வாறு செய்யின், அறிவியலும் வரலாறும் ஒரே கூரையின் கீழ் ஒன்றுகூடும். முன்னோர் வெயிலில் அறிந்த நிழலின் அருமையை இளையோர் நிழலிலேயே அமர்ந்து அறியும் நாள் அதனால் விரைவில் வரும்.